கோர்தோபா முற்றங்கள்: பூவுக்குப் பின்னால் ஒரு குடித்தனம்

மே மாதம், இரண்டாவது வாரம். தெற்கு ஸ்பெயினில் கோர்தோபா நகரத்தின் சான் பாசிலியோ தெருவில் முக்கால் மணி நேரமாக வரிசையில் நிற்கிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாசலில் ஒருவர் நின்றுகொண்டு எண்ணி எண்ணி உள்ளே விடுகிறார். பத்துப் பேர் வெளியே வந்தால்தான் பத்துப் பேர் உள்ளே. "திருப்பதி தர்ம தரிசனம் மாதிரி இருக்கேடா" என்றேன். கிரனாடாவில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கும் நண்பன் சிரித்தான். "உள்ள போனாலும் அதே கதைதான். ஜருகண்டி ஜருகண்டி."

அவன் சொன்னது சரிதான். உள்ளே எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், தரையிலிருந்து ஓட்டுக் கூரைவரை தொட்டிகள். சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று ஜெரேனியம் தொங்குகிறது. மூலையில் கிணறு, காலுக்கடியில் கூழாங்கல் பதித்த தரை. எல்லாரும் கழுத்தை அண்ணாந்து செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். நானும்தான். இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் கிணற்றுக்குப் பக்கத்தில் தாழ்வான நாற்காலியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். அவருக்குப் பின்னால் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டிவி ஓடுகிற சத்தம். பூண்டு வதங்குகிற வாசம். நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஒருவருடைய வீட்டுக்குள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கோர்தோபாவின் பாத்தியோ திருவிழாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் பாதி திறந்த கதவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 'பாத்தியோ' என்றால் நம்முடைய முற்றம். ஒவ்வொரு மே மாதமும் முதல் இரண்டு வாரம், பழைய பேட்டைகளில் ஐம்பது வீடுகள்போலத் தங்கள் முற்றத்தைத் திறந்து வைக்கிறார்கள். கட்டணம் கிடையாது. காலை 11 முதல் 2 வரை, பிறகு மாலை 6 முதல் இரவு 10 வரை. நகராட்சி நடத்தும் போட்டி இது. பூக்களின் வகை, கட்டடம், வெளிச்சம், தண்ணீரை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். பழைய கட்டடத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் தனித்தனிப் பரிசு.

இதற்குச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. எந்தத் துண்டுப் பிரசுரத்தைப் புரட்டினாலும் அதுதான். ரோமானியர்கள் நடுமுற்றம் வைத்து வீடு கட்டினார்கள், பின்னால் வந்த முஸ்லிம்கள் அதில் தண்ணீரும் மரமும் சேர்த்தார்கள், 1236இல் கஸ்தீலிய மன்னர் நகரைப் பிடித்த பிறகும் முற்றம் அப்படியே நீடித்தது, ஆக 2000 வருடப் பாரம்பரியம். கேட்க நன்றாக இருக்கிறது. கட்டடத்தைப் பொறுத்தவரை இதில் பொய்யும் இல்லை. கோடையில் 40 பாகையைத் தாண்டும் ஊர் இது. தெருப்பக்கம் ஜன்னலைக் குறைத்து, சுவரைத் தடிமனாக்கி, வெள்ளை அடித்து, நடுவில் வானத்தைத் திறந்துவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, இலைகளை வளரவிட்டால் வீடு குளிரும். ரோமானியருக்கும் தெரிந்த கணக்குதான் அது.

ஆனால் நாம் வரிசையில் நின்று பார்க்க வருவது கட்டடத்தை இல்லையே, பூவைத்தானே? அந்தப் பூக்களின் ஊரை விசாரித்தால் 2000 வருடக் கதை கொஞ்சம் தடுமாறுகிறது. சுவர் முழுக்கத் தொங்கும் ஜெரேனியம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஐரோப்பாவுக்குள் அது நுழைந்ததே 17ஆம் நூற்றாண்டில்தான். வாசலில் கவிந்திருக்கும் காகிதப்பூ தென் அமெரிக்காவுடையது. நிழலில் வைத்திருக்கும் ஹைட்ரேஞ்சாவுக்குக் கிழக்காசியா. ஆரஞ்சு மரத்துக்கு மட்டும் அரபுக்காரர்களிடம் நன்றி சொல்லலாம். கலீபாக்கள் ஆண்ட காலத்து முற்றத்தில் இந்தச் சிவப்புச் சுவர் இருந்திருக்க வழியே இல்லை.

அப்படியென்றால் இந்தச் சுவரை யார் கண்டுபிடித்தது? பெரும்பங்கு போட்டிக்கே சேரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நகராட்சி முதல் போட்டியை நடத்தியது 1921இல். நடுவில் உள்நாட்டுப் போர் வந்து நின்றுபோய், 1944இல் மறுபடி தொடங்கியது. மதிப்பெண் போட ஒருவர் வருகிறார் என்று தெரிந்துவிட்டால் எந்த முற்றமும் மதிப்பெண்ணுக்கு ஏற்ற மாதிரி மாறத்தானே செய்யும். சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கதைகளை மொத்தமாகப் படித்தவர்களுக்கு இது புரியும். ஏழாவது முற்றத்தில் எனக்கு அந்த அலுப்பு வந்தது. அதே நீலத் தொட்டி, அதே கிணற்று விளிம்பில் அதே செப்புக் குடம், சுவரில் மாட்டிய அதே பழைய வாணலி. ஒவ்வொன்றும் அழகுதான். சேர்ந்து பார்க்கும்போது ஒரே கை எழுதின மாதிரி இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, போட்டியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இந்த முற்றங்களின் இன்னொரு வரலாறு. துண்டுப் பிரசுரங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இவற்றில் பல பணக்கார வீடுகளே இல்லை. ஸ்பானிய மொழியில் 'காசா தெ வெசினோஸ்' என்பார்கள், அதாவது அண்டைவீட்டார் எல்லாரும் சேர்ந்து இருக்கும் வீடு. நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: ஒண்டுக்குடித்தனம். கிராமப்புறத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் ஒரு பழைய வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. கிணறு பொது, துணி துவைக்கும் கல்தொட்டி பொது, அடுப்படி பொது, கக்கூஸ் பொது. இவை எல்லாம் இருந்த இடம்தான் முற்றம். சண்டையும் அங்கேதான், கல்யாணமும் அங்கேதான். செடியைத் தகர டப்பாவில் வைத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டியதற்கும் எளிய காரணம் உண்டு. தரையில் இடம் கிடையாது. தரை எல்லாருக்கும் வேண்டும்.

சாந்தா மரினா பேட்டையில் மர்ரோக்கியெஸ் தெருவில் இந்த மாதிரி வீடு ஒன்று இன்னும் இருக்கிறது. நுழைந்தால் ஒரு சின்னத் தெருவே உள்ளுக்குள் போகிறது. இருபுறமும் சிறு சிறு அறைகள், பழைய பொது அடுப்படி, துவைக்கும் தொட்டிகள். நான் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இங்கே பூக்கள் எதையோ சுற்றிக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. மற்ற பல இடங்களில் அவற்றுக்குச் சுற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் குழாய்த் தண்ணீரும் தனிக் கழிப்பறையும் உள்ள அடுக்குமாடிகள் ஊருக்கு வெளியே எழுந்தபோது ஜனங்கள் கிளம்பிப் போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? ஒண்டுக்குடித்தனத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே கக்கூஸுக்கு வரிசையில் நிற்காதவர்கள். பல வீடுகள் இடிந்தன. மிஞ்சியவை மிஞ்சியதற்குப் போட்டியும் அதில் சேர்ந்தால் கிடைக்கும் தொகையும் ஒரு காரணம். 2012 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தத் திருவிழாவை மனிதகுலத்தின் தொட்டறிய முடியாத மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது ஜெரேனியத்துக்காக இல்லை. சேர்ந்து வாழும் பழக்கத்துக்காக, அண்டை அயலார் கூடிப் பராமரிக்கும் முறைக்காக. அந்த அங்கீகாரத்துக்குப் பிறகு கூட்டம் குவிந்தது. ஆனால் கூடி வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் போயே போய்விட்டிருந்தார்கள்.

ஸ்பானிய இலக்கியத்தில் முற்றம் என்றதும் பலருக்கு அந்தோனியோ மச்சாடோ நினைவு வரும். தன்னைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கவிதையை அவர் செவில் நகரத்து முற்றம் ஒன்றின் நினைவோடுதான் தொடங்குகிறார். அந்த முற்றம் ஆல்பா பிரபு குடும்பத்தின் துவேன்யாஸ் அரண்மனையில் இருந்தது. 1875இல் மச்சாடோ பிறந்தபோது அவருடைய குடும்பம் அங்கே வாடகைக்குக் குடியிருந்தது. ஸ்பெயினின் மிகப் பிரபலமான முற்றம் ஒரு வாடகைக் குடித்தனக்காரப் பையனின் ஞாபகம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பத்திரம் ஒருவர் பேரில் இருக்கலாம். நினைவு வேறொருவர் பேரில்.

கோர்தோபாவிலேயே வியானா அரண்மனை என்று ஒன்று இருக்கிறது. 12 முற்றங்கள், ஒரு தோட்டம், டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். எதிலும் குறை சொல்ல முடியாது, ஒரு காய்ந்த இலை கிடையாது. அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். பூண்டு வாசம் இல்லாத முற்றத்தில் எனக்கு என்ன வேலை?

பேட்டைகளுக்குள் திரும்பும் வழியில், புவெர்த்தா தெல் ரின்கோன் என்ற இடத்தில் 2014இல் வைத்த சிலை ஒன்று நிற்கிறது. ஹோசே மானுவேல் பெல்மோந்தே வடித்தது. ஒரு பெண், நீண்ட கழியின் நுனியில் கட்டிய தகரக் குவளையைத் தூக்கி, எட்டாத உயரத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். நூற்றுக்கணக்கான தொட்டிகளுக்கு அப்படித்தான் ஊற்ற முடியும், குழாயை நீட்டினால் மண் கரைந்துவிடும். போட்டி கவனிக்காத ஒன்றை இந்தச் சிற்பி கவனித்திருக்கிறார். அது தோள்பட்டை வலி. அவ்வளவு பூ பார்த்த பிறகு, பூவைவிட்டுக் கையைப் பார்க்க வைத்த ஒரே இடம் இதுதான்.

அந்த முதல் முற்றத்துப் பாட்டியிடம் என் நண்பன் பேச்சுக் கொடுத்திருந்தான். தினமும் எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டான். அவர் என்னவோ நீளமாகச் சொன்னார். வெளியே வந்ததும், "என்னடா சொன்னாங்க?" என்றேன்.

"மே மாசம் ஒண்ணுமில்லயாம். ஜூலை, ஆகஸ்ட்லதான் உசுரு போகுமாம். ரெண்டு வேளை ஊத்தணுமாம். அப்போ யாரும் பாக்க வர மாட்டாங்களாம்."

"பசங்க யாரும் உதவிக்கு இல்லையா?"

"மக ஃபிளாட்ல இருக்காளாம். மே மாசம் வருவாளாம், படம் எடுக்க."

அன்று ராத்திரி ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு என் செல்போனைப் பார்த்தேன். அந்த வீட்டில் மட்டும் 23 படம் எடுத்திருக்கிறேன். எதிலும் பாட்டி இல்லை. ஒன்றில் மட்டும், கிணற்றின் ஓரத்தில், நாற்காலிக் கையில் ஊன்றிய ஒரு முழங்கை விழுந்திருக்கிறது. ஃப்ரேம் கெட்டுவிட்டது என்று அப்போது நினைத்து மறுபடி ஒன்று எடுத்திருக்கிறேன்.

மறுநாள் அந்தத் தெருவுக்கே திரும்பிப் போனேன். போய்ச் சேரும்போது மணி இரண்டு. வாசலில் எண்ணிக்கொண்டிருந்தவர் கையை விரித்துக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஆறு மணிக்கு வரச் சொன்னார். வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. நான் எதிர்ச் சுவரின் நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு தகரக் குவளை ஏதோ தொட்டியில் இடிக்கிற சத்தம்.