காடு (1952): விமர்சனப் பார்வை
காடு, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களுடன் கூட்டாகத் தயாரித்து 1952-இல் வெளிவந்த திரைப்படம். வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகியோருடன் எம். என். நம்பியாரும் நடித்தார். இந்தியாவின் முதல் அறிவியல் புனைவுப் படமாக இது குறிப்பிடப்படுகிறது. பின்னர் தமிழில் வந்த இவ்வகைப் படங்களுக்கெல்லாம் இதையே முன்னோடியாக ரசிகர்கள் கருதுவதுண்டு.

அந்தப் பட்டத்துக்கு ஏற்ற அறிவியல் படத்தில் குறைவு. யானைக் கூட்டங்கள் மிரண்டு ஓடுவதன் காரணத்தைத் தேடி ஒரு குழு காட்டுக்குள் செல்கிறது. அற்றுப்போனதாகக் கருதப்பட்ட மாமூத்துகளே காரணம் என்பது இறுதியில் தெரிகிறது. முடிப் போர்வை போர்த்திய யானைகளே மாமூத்துகளாக நடித்தன. அவை ஆராய்ச்சிக்குரிய உயிர்களாக அல்லாமல், வேட்டைக் கதையின் கடைசி அதிர்ச்சியாகவே வந்து போகின்றன. படத்தின் உண்மையான பலம் காடும் நிஜ யானைகளும்தான்.

1963-இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய கலை அரசி இதிலிருந்து வேறுபடுகிறது. அறிவியலில் முன்னேறி, கலையில் பின்தங்கிய வேற்றுக்கிரகத்தார் பூமியிலிருந்து ஒரு கலைஞரைக் கடத்துகிறார்கள். அறிவியல் மட்டும் போதுமா என்ற கேள்வி அங்கே கதையை நகர்த்துகிறது. வேற்றுக்கிரகவாசியாக நடித்தவரும் நம்பியாரே.

சூரமங்கலத்தில் ரயிலிறங்கி ஏற்காடு சாலைக்குச் செல்பவர் இன்று காண்பது மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவை மட்டுமே. அந்த ஊருக்கு ‘முதல்’ என்ற பெருமை உரியதே. ஆனால், முதலில் வந்தது என்பதாலேயே காடு சிறந்த அறிவியல் புனைவு ஆகிவிடாது.