யாருக்குப் புலப்படும்?: நோர்மனின் நூல் பற்றிய ஒரு நோக்கு

டொனால்ட் நோர்மன் 1988 இல் வெளியிட்ட 'அன்றாடப் பொருள்களின் உளவியல்' என்னும் ஆங்கில நூலைக் கணனித் திரைகளை வடிவமைப்போர் இன்றும் விரும்பிக் கற்கின்றனர். பின்வந்த பதிப்புகளின் தலைப்பில் 'உளவியல்' நீங்கி 'வடிவமைப்பு' இடம்பெற்றது; வாதம் மாறவில்லை. கதவைத் தள்ளுவதா இழுப்பதா எனத் தடுமாறுபவர் அறிவிலி அல்லர். பிழை கதவை அமைத்தவருடையது. பயன்படுத்துவோரையே பழிக்கும் வழக்கத்தை இத்துணைத் தெளிவாக மறுத்தமை அந்நூலின் பெருஞ்சிறப்பு.

ஆயின், அதன் மையக் கருத்து ஆராயப்படவேண்டியது. ஒரு பொருள் ஓர் உயிருக்கு இன்ன செயலுக்கு இடங்கொடுக்கின்றது என்பதைக் குறிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் ஆக்கிய 'அஃபோர்டன்ஸ்' என்ற சொல்லையே நோர்மன் எடுத்தாண்டார். கிப்சனுக்கு அது பொருளுக்கும் உயிருக்குமிடையிலான உறவு. எவரும் கண்டறியாவிடினும் உள்ளது. நோர்மனின் அழுத்தமோ புலப்படுந் தன்மை மீது விழுந்தது. இதனால் நேர்ந்த குழப்பத்தை நீக்கவே 2013 ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் 'குறிகாட்டி' என்னும் கருத்தை அவர் விரிவாகச் சேர்த்தார். ஒலியும் குறிகாட்டியாகலாம் என்கிறார். எனினும் அவர் வழிவந்தோர் பெரிதும் கற்றுக்கொண்டவை கண்ணுக்குரிய குறிகளே.

யாருக்குப் புலப்படுவது என்ற வினா இங்குதான் எழுகின்றது. கதவிற் பதித்த தட்டையான தகட்டைக் கை தடவியும் அறியலாம். தொடுதிரையிலோ பொத்தான்கள் யாவும் ஒரே வழவழப்பான கண்ணாடி. 2007 இல் வெளிவந்த ஐபோனில், பார்வையற்றோரின் விரலுக்குத் திரை எதனையும் உணர்த்தவில்லை. திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் 'வொய்ஸ்ஓவர்' 2009 இலேயே அதிற் சேர்ந்தது. அதன் பின்னரும், வடிவமைத்தவர் ஒரு படக்குறிக்குப் பெயர் எழுதாதுவிடின் பல வேளைகளிற் கேட்பவருக்குக் கிடைப்பது 'பொத்தான்' என்ற சொல் மாத்திரமே. அது கடிதத்தை அனுப்புவதா, அழிப்பதா? பார்ப்பவருக்கு வினாவே எழாத இடத்தில் இவர் ஊகித்து அழுத்தவேண்டியுள்ளது. பார்வையுள்ளோரின் உளவியலை மனித உளவியல் எனக் கொண்டதன் விளைவு இது. கிப்சனின் உறவு நோக்கு இவ்விடத்திற் கூடுதலாக உதவும் என்பதே எமது துணிபு. அது கண்ணை முதலிடத்தில் வைக்க வேண்டுவதில்லை.

நோர்மன் இதனைக் காணாதவரல்லர். 2019 இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், இன்றைய பொருள்கள் முதியோருக்கு ஒவ்வாதவையாயுள்ளன எனக் கடிந்து ஒரு கட்டுரை எழுதினார். முப்பது ஆண்டுகளாகத் தமது நூலைப் பாடமாகப் பயின்றவர்களை நோக்கியே அவர் அதை எழுதவேண்டியிருந்தது.