மூன்று மாணவரும் ஒரு வினாத்தாளும்

சேர்லொக் ஹோம்ஸ் கல்லூரி மாணவராயிருந்த காலத்திலேயே துப்பறியத் தொடங்கிவிட்டார் என்பது, ஆதர் கொனன் டொயில் 1893 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குளோரியா ஸ்கொற்’ என்னுங் கதையால் அறியப்படும். ஆயின், அம்முதல் வழக்குக் கல்லூரியினுள் நிகழ்ந்ததன்று. விடுமுறையில் நண்பனது இல்லத்திற்குச் சென்றவிடத்து எதிர்ப்பட்டது. மாணவர் வாழ்வையே களமாகக் கொண்ட கதையைக் காணவேண்டின், 1904 இல் வெளிவந்த ‘மூன்று மாணவர்’ என்பதனையே நாடவேண்டும். அதிலே துப்பறிபவர் முதிர்ந்த ஹோம்ஸ். ஐயத்திற்கு உள்ளாவோரே மாணவர்.

இக்கதையிற் கொலையில்லை, பொருட்களவுமில்லை. மறுநாள் நடைபெறவிருந்த புலமைப்பரிசிற் பரீட்சைக்குரிய கிரேக்க வினாத்தாளின் அச்சுப்படியை, ஆசிரியர் சோம்ஸ் இல்லாத வேளையில் அவரறையுட் புகுந்து யாரோ பிரதிசெய்துள்ளனர். அதே மாடிப்படியால் ஏறியிறங்குவோர் மூவர்: விளையாட்டு வீரனாகிய கில்கிறிஸ்ற், இந்திய மாணவனாகிய தௌலத் ராஸ், கூரிய அறிவும் கட்டற்ற நடத்தையுமுடைய மக்லாரன். பொலிசாருக்கு அறிவித்தாற் கல்லூரியின் நற்பெயர் கெடும். அறிவியாதுவிட்டாற் பரீட்சை பொய்யாகும். இவ்விடுக்கணே கதைக்கு உயிர்.

ஹோம்ஸ் ஆராயும் முறை மெச்சத்தக்கது. அறையிற் கிடந்தவை பென்சிற் சீவல்களும், மரத்தூள் கலந்த கரிய களிமண் கட்டிகளுமே. விடியற்காலையில் விளையாட்டிடத்திற்குச் சென்று, நீளம் பாய்வோர் குதிக்கும் குழியில் அதே மண்ணைக் கண்டெடுக்கின்றார். யன்னலூடாக மேசையிலிருந்த தாள்களைக் காண நெடிய உருவம் வேண்டும் என்பதையும் அதனோடு பொருத்துகின்றார். நெடியவனும் பாய்ச்சல் வீரனும் கில்கிறிஸ்ற் ஒருவனே.

எனினும், அடித்தளத்தில் ஒரு வெடிப்புண்டு. வினாவாக அமைந்தது துசிடிடீசின் நூலில் அரை அத்தியாயம். இடம் தெரிந்தபின் நூலைப் புரட்டினாற் போதும். மூன்று நீண்ட தாள்களையும் எழுதியெடுத்தல் வீண்வேலை. அவ்வாறு எழுதாதிருந்தாற் பென்சில் ஒடிந்திராது, சீவலும் விழுந்திராது.

இதனினும் ஆழமானது தௌலத் ராஸின் நிலை. அமைதியானவன், ஒழுங்காகக் கற்பவன், கிரேக்கத்தில் மட்டும் வலுக்குறைந்தவன் என ஆசிரியரே கூறுகின்றார். ஆயினும், அறையில் ஓயாது உலாவுகின்றான் என்பதைக் கொண்டு வாற்சன் அவனைக் கள்ளத்தனமுடையவனாக எண்ணுகின்றார். மனனஞ் செய்வோர் பலரும் உலாவுவர் என்று ஹோம்ஸ் அவ்வையத்தை ஒரே வார்த்தையில் ஒதுக்குகின்றார். (விடுதியில் வாழ்ந்து பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தோர் எவரும் இதற்குச் சான்று பகர்வர்.) துப்பறிவாளர் வாய்மொழியாலே நீதி கிடைத்ததாயினும், அவனைப் பார்த்த மாத்திரத்தில் ஐயுறத்தக்கவனாகத் தீட்டியது டொயிலின் தூரிகையே. வாசகரைத் திசைதிருப்ப அவன் நிறமும் மௌனமும் பயன்பட்டன; மனிதனாகப் பேசும் வாய்ப்பு அவனுக்கு அளிக்கப்படவில்லை.

குற்றவாளிக்கோ பரிவு மிகுதி. குதிரைப் பந்தயத்திற் செல்வமிழந்த பிரபுவின் மகன் அவன். ஏவலாளனாகிய பனிஸ்ரர் பழைய எசமான விசுவாசத்தால் அவனது கையுறைகளின்மீது அமர்ந்து அவற்றை மறைக்கின்றான். கில்கிறிஸ்ற் பரீட்சைக்குத் தோற்றுவதில்லை எனத் துணிந்து முன்னரே கடிதமும் எழுதிவிட்டான். அவ்விடத்துக் கதை நெஞ்சைத் தொடுகின்றது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அவன் செல்லுமிடம் ரொடீசியப் பொலிஸ். வினாத்தாளைத் திருடியவன் ஆபிரிக்க மக்கள்மீது சட்டத்தை நிலைநாட்டப் புறப்படுகின்றான். ஹோம்சும் வாழ்த்தி விடைகொடுக்கின்றார். இம்முரண்பாடு டொயிலின் கண்ணுக்குப் புலப்பட்டதாகத் தோன்றவில்லை.

தௌலத் ராஸ் அன்று பரீட்சை எழுதினானா, பரிசில் எவருக்குக் கிடைத்தது என்பன பற்றிக் கதை யாதுங் கூறாது முடிகின்றது.