வற்றிய கிணற்றருகே

செபத்தைத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் வேலையாகக் கண்டவர் புனித அவிலா தெரசா. 1565இல் திருத்தி எழுதிய தம் தன்வரலாற்றில், 11ஆம் அதிகாரம் முதல் இவ்வுவமையை விரிக்கிறார். கிணற்றில் வாளியிட்டு இறைத்தல், நீர்ச்சக்கரத்தைச் சுழற்றி இறைத்தல், ஆறோ ஓடையோ பாய்தல், பெருமழை என நீருக்கு நான்கு வழிகள். மனித உழைப்பு குறையக் குறைய அருள் பெருகுகிறது.

தியான உரைகளில் இவை நான்கு படிகளாகவே சொல்லப்படுகின்றன. கேட்பவர் தாம் நிற்கும் படியை அளந்து பார்த்துச் சோர்கிறார். நானும் அவ்வாறு சோர்ந்தவனே. நூலைத் திறந்தபோதோ வேறொன்றைக் கண்டேன். தெரசாவின் எழுத்து மிகுந்த உயிர்ப்போடு விளங்குவது முதல் நீரைப் பற்றிய பக்கங்களில்தான். தோட்டக்காரர் வாளியை இறக்குகிறார்; கிணறு வற்றிக் கிடக்கிறது. கைகளை உயர்த்தவும் வலுவில்லை. ஆயினும் தோட்டம் ஆண்டவருடையது. எனவே அவர் வேலையை விடுவதில்லை. பல ஆண்டுகள் இவ்வறட்சியில் உழன்ற தெரசா, ஒரு துளி கிடைத்தாலும் அதை இறைவனின் தயவென்றே கொண்டார். களைகளைப் பிடுங்குபவரும் ஆண்டவரே என்கிறார். (பிறர் தோட்டத்துக் களைகளை எண்ணும் நமக்கு இது உறைக்க வேண்டும்.)

மூன்றாம் நீரில் ஆண்டவரே ஏறத்தாழத் தோட்டக்காரராகிறார். நான்காவதில் உவமை தளர்கிறது. ஆசிரியர் தோட்டத்தை விட்டு அடிக்கடி விலகிச் செல்கிறார். கலை நோக்கில் இது குறையே. உவமையை எங்கோ படித்ததாகவோ கேட்டதாகவோ நினைவு, இடந்தான் தெரியவில்லை என அவரே ஒப்புக்கொள்கிறார். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவரின் பேச்சு இது!

செபிக்க வரவில்லையே என வருந்துவோர் 11ஆம் அதிகாரத்தையேனும் படிக்கட்டும். மழையைப் பற்றிய பக்கங்கள் காத்திருக்கலாம்.