சுவையும் உழைப்பும்

நம் பத்திரிகைகளில் அண்மைக் காலமாக ஒரு கட்டுரை வகை செழித்து வருகிறது. கருத்தரங்கிற்கோ அலுவலகக் கூட்டத்திற்கோ ஓர் ஊருக்குச் செல்பவர், மாலை வேளைகளில் அவ்வூரின் உணவுச்சாலைகளைத் தேடித் திரிந்து, உண்டதையும் பருகியதையும் வருணிக்கிறார். பயண இலக்கியத்தின் இளைய பிள்ளை என்று இதனைக் கூறலாம். வயிற்றைப் பற்றி எழுதுவது இலக்கியமாகுமா என்று முகஞ்சுளிப்போர் உளர். நாம் அவர்களோடு சேர வேண்டியதில்லை. ஒரு சமுதாயம் என்ன உண்கிறது, யார் சமைக்க யார் உண்கிறார் என்பவை அதன் அமைப்பையே துலக்கிக் காட்டும் செய்திகளாகும். உணவைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பதே இக்கட்டுரைகள் மீது நாம் சுமத்தும் குற்றம்.

இதனை மலையகத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது. ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டு நுவரெலியாவில் இரண்டு நாட்களும் ஹட்டனில் ஒரு நாளும் தங்க நேர்ந்தது. புறப்படுமுன் அவ்வூர்களின் உணவைப் பற்றிய கட்டுரைகள் சிலவற்றைப் படித்துச் சென்றேன். அவை கூறிய இடங்களெல்லாம் அங்கே இருந்தன. அவை கூறாது விட்ட மலைதான் என்னை மறித்து நின்றது.

அக்கட்டுரைகளின் வழித்தடம் பெரும்பாலும் ஒன்றே. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸின் மாளிகையிலிருந்து வளர்ந்த கிராண்ட் ஹோட்டலில் மாலைத் தேநீர். 1876இல் தோட்டத்துரைமாருக்கென அமைந்ததும், கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டும் என்ற விதியால் பெயர்பெற்றதுமான ஹில் கிளப்பில் இரவு விருந்து. பின்னர் கந்தப்பளையில், மூடப்பட்ட ஹெதர்செட் தோட்டத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலான கட்டிடத்தில் ஒரு பகலுணவு. மூன்றிடத்தும் எழுத்தாளர் காண்பது ‘பழைய உலகின் நளினம்’.

எவருடைய பழைய உலகம்? கந்தப்பளைக் கட்டிடத்தின் மேல் மாடிகளில் ஒரு காலத்தில் கொழுந்து வாடியது. இன்று அங்கே விருந்தினர் உறங்குகின்றனர். பழைய இயந்திரங்களின் அழகைக் கட்டுரையாளர் வியக்கிறார். அவற்றின் அருகே நின்று வேலை செய்தவர் எங்கே போயினர் என்ற வினா அவர் நாவில் எழவில்லை. தட்டில் வந்த லீக்ஸையும் கரட்டையும் புகழ்கிறார். 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கே ஆங்கிலேயக் குடியேற்றம் அமைத்துச் சீமைப் பயிர்களை நட்ட வரலாற்றையும் சிலர் குறிப்பிடுகின்றனர். ஆனால் அப்பாத்திகளில் இன்று குனிந்து நிற்கும் முதுகுகள் அவர்கள் கண்ணில் படவில்லை.

தேநீர்ப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் தோட்டத்தின் பெயர், உயரம், இலையின் தரம் யாவும் அச்சாகியிருக்கும். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த நிறை கொழுந்து பறிக்காதவளுக்கு ‘அரைப்பேர்’தான் விழும். ஆக, பட்டியலில் தோட்டத்தின் பெயர் உண்டு. பேருக்காகப் பறித்தவளின் பெயர் இல்லை. வெகுகாலம் போராடிய பின்னரே 2021இல் அவளது நாட்கூலி ஆயிரம் ரூபாயாயிற்று; பின்னர் அது மேலும் உயர்ந்தது. எனினும் பெரிய ஹோட்டலின் ஒரு மாலைத் தேநீர்த் தட்டு அந்நாட்கூலியை இன்றும் எளிதில் விழுங்கிவிடும்.

கருத்தரங்கின் மூன்றாம் நாள் அமர்வு ஹட்டனில். நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை வழியாகப் பஸ் இறங்கிச் செல்கையில் இருபுறமும் பச்சைச் சரிவு. சரிவின் மடிப்புகளில் லயங்கள். மாலையில் ஹட்டன் கடைத்தெருவில் கொத்து ரொட்டியின் தகட்டொலி மழையையும் மீறிக் கேட்டது. சிறு கடையொன்றில் அமர்ந்து கொத்து ரொட்டிக்குச் சொன்னேன். பரிமாறிய இளைஞன் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவன்.

“வீட்டிலும் இதுதானா, தம்பி?” என்று கேட்டேன்.

“ரொட்டிதான், சேர். ஆனா இதில போட்டிருக்கிற முட்டைய எங்க வீட்டில நாலு பேருக்குப் பங்கு வைப்பாங்க” என்றான்.

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் படித்துச் சென்ற கட்டுரைகள் அனைத்தையும்விட அவ்வொரு வாக்கியத்தில் மலையக உணவைப் பற்றிய விளக்கம் மிகுதி.

அக்கட்டுரைகளில் ஒன்று தோட்டத்து ரொட்டியையும் மிளகாய்ச் சம்பலையும் ‘எளிய மக்களின் முரட்டுச் சுவை’ என்று பாராட்டியிருந்தது. பாராட்டில் தவறில்லை, ஆனால் அச்சுவை ஏன் முரடாயிற்று? விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் ஆக்கி வைத்து, பெரட்டுக்கு நேரந்தவறாது ஓட வேண்டியவள் சமைப்பது அது. சோறும் கறியும் ஆக்க அவளுக்கு அவகாசமில்லை. ரொட்டி விரைவில் வேகும், மலைக்கு எடுத்துச் செல்லலாம், எளிதில் கெடாது, தடித்துத் தட்டினால் நெடுநேரம் பசி தாங்கும். நிறைய மாவைத் தொண்டையில் இறக்கச் சிறிதளவு சம்பல் போதுமாதலால் அதன் உறைப்பு மிகுகிறது. உடன் பருகும் சாயத்தண்ணியும் அவ்வாறே. இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் கப்பலேறிவிடுகிறது. உயர்ந்த இலை போன பின் எஞ்சும் தூளில் கடுஞ்சாயம் இறங்கும். அதற்குச் சீனிதான் துணை. ஆக, வேலைநேரமும் கூலியும் சந்தையும் நாவில் வந்து முடிகின்றன. இதனை அறியாதவர் சுவையையே அரைகுறையாகத்தான் அறிகிறார்.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிந்து, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் பயிரிட்ட தேயிலை மலைகளை மூடிய காலந்தொட்டு, தொழிலாளியின் சோறு தோட்டக் கணக்கேட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது. தோட்டம் அரிசி அளக்கும். அதன் விலையைக் கூலியிலிருந்து கழிக்கும். சோற்றைக் கையில் வைத்திருந்தவனிடமே தொழிலாளியின் விடுதலையும் இருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அருகியபோது தோட்டங்களில் பட்டினிச்சாவுகள் நேர்ந்தன; குடும்பங்கள் நகர வீதிகளில் கையேந்தி நின்றன. இன்று உணவுச்சாலை தேடி உலாவும் நம் கட்டுரையாளர் நடப்பதும் மலைநகர் வீதிகளில்தான்.

இங்கே முற்போக்கு எழுத்தாளர் சிலர் செய்யும் பிழையையும் சுட்டியாக வேண்டும். மலையகம் என்றவுடன் கண்ணீரைத் தவிர வேறெதுவும் எழுதலாகாது என அவர்கள் கருதுகின்றனர். அவர்கள் பக்கங்களில் தொழிலாளி பசித்திருப்பான். ஒருபோதும் ருசித்து உண்ணமாட்டான். இதுவும் அவனை முழு மனிதனாகக் காண மறுப்பதேயாகும். அடுப்பருகே குந்தியிருந்து சுடச்சுட ரொட்டி உண்ணும் குழந்தையின் இன்பம் பொய்யன்று. தீபாவளிக்கு வாங்கும் இறைச்சியில் உப்பும் உறைப்பும் சரியா என்று வாதிடும் கிழவியின் நாவுக்குள்ள தேர்ச்சி, ஹில் கிளப் விருந்தினரின் நாவுக்குச் சற்றும் குறைந்ததன்று. விருந்தினர் அதனை ‘முரட்டுச் சுவை’ ஆக்குகிறார். நம்மவர் அதனை இரக்கத்தில் கரைத்துவிடுகிறார்.

இவ்விரு பிழைகளுக்கும் தப்பிய எழுத்து மலையகத்திலேயே உண்டு. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்று, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றோராவதைக் கண்ட சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என வந்த நெடுங்கவிதையில், தப்பொலியில் விழிக்கும் விடியலை அவர்களுடைய விடியலாகக் காட்டினார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ சிறுகதையில், தராசில் ஏறும் கொழுந்தோடு ஒரு பெண்ணின் மானமும் நிறுக்கப்படுகிறது. இருவரும் தொழிலின் நுணுக்கம் அறிந்து எழுதியவர்கள். அந்நுணுக்கமே அவர்களைப் புகழுரையிலிருந்தும் புலம்பலிலிருந்தும் காத்தது. உணவைப் பற்றி எழுதுவோர்க்கும் வேண்டியது அக்கல்விதான். பெரட்டுக்கு முந்திய விடியலை எழுதத் தெரியாதவரால் ரொட்டியை எழுத இயலாது.

கருத்தரங்குகளுக்குச் செல்லும் ஆசிரியர்களும் மாணவர்களும் இனியும் செல்வார்கள், உண்பார்கள், எழுதுவார்கள். உண்பதைத் துறக்குமாறு நாம் கோரவில்லை. மேசைக்கு வந்த தட்டு எந்தக் கைகளைக் கடந்து வந்தது, பரிமாறியவன் தன் வீட்டில் எதை உண்கிறான் என்ற இரு வினாக்களையும் சுவையைப் பற்றிய வினாக்களாகவே கொண்டு எழுதுக என்கிறோம். ஹட்டன் கடையில் அந்த இளைஞன் நாலாகப் பங்கிட்ட முட்டையின் சுவையை எழுத வல்லவன் வருவானாயின், அவன் எழுதுவது மலையகத்தின் வரலாறாகவும் இருக்கும்.