ஒன்றே முக்கால் விநாடி

2017 ஆகஸ்ட் 17, இந்திய நேரம் மாலை 6 மணி 11 நிமிடம் 4 விநாடி. பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் சுற்றிச் சுற்றி மோதியதில் எழுந்த ஈர்ப்பலையின் கடைசித் துடிப்பு அப்போது பூமியைக் கடந்தது. ஒன்றே முக்கால் விநாடி கழித்து, ஃபெர்மி விண்கலத்தின் காமாக் கதிர்க் கருவியில் சின்னதாக ஒரு மினுக்கம் பதிவானது. இரண்டு விநாடி அளவே நீடித்த, சோகை பிடித்த மினுக்கம். தனியாக வந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கம் பிறந்த கதையைச் சொல்வார்கள். இல்லையென்றால், உலகின் எழுபது வானாய்வகங்கள் ஒரே புள்ளியை நோக்கித் திரும்பிய கதையை. சொல்லட்டும், இரண்டும் உண்மைதான். எனக்கு என்னவோ இதில் தென்படும் சின்னச் சின்னக் குறைகள் மீதுதான் மையல். கேட்காமல் போன ஒரு கருவி, நடுவில் புகுந்து கெடுத்த ஒரு சத்தம், பிந்தி வந்த ஒளி. ஒவ்வொன்றும் வாய் திறந்து பேசியிருக்கிறது.

அலையிலிருந்தே தொடங்கலாம். ஈர்ப்பலை ஒலி அல்ல. விண்வெளியே மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவது. ஆனால் அதன் அதிர்வெண் நம் செவிக்கு எட்டும் எல்லைக்குள் விழுவதால், பதிவை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கலாம். 2015-ல் முதன்முதலாகச் சிக்கிய கருந்துளை மோதல் விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடிந்துபோனது. இதுவோ கருவிகளின் எல்லைக்குள் நூறு விநாடி நின்று விளையாடியது. 24 ஹெர்ட்ஸில் அடித்தொண்டை முனகலாகத் தொடங்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அலைகளாக ஏறி ஏறிப் போனது. பளிங்குத் தரையில் ஒரு நாணயத்தைச் சுழற்றிவிட்டால், சாயச் சாயச் சத்தம் நெருங்கி, கடைசியில் கிர்ரென்று ஒரே இழையாகி நின்றுவிடும் அல்லவா? அதே போக்குதான். ஆற்றலை இழக்க இழக்க இரு விண்மீன்களும் நெருங்குகின்றன. நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூட இன்னும் அதிகமாக ஆற்றலை இழக்கின்றன.

அதிர்வெண் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பது, இரண்டின் நிறைகளும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கலவையை மட்டும் பொறுத்தது. அந்த எண் சூரிய நிறையில் 1.188 என்று கிடைத்தது. சந்தேகம் மூன்றாம் தசமத்தில்தான் தொடங்குகிறது. பதின்மூன்று கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருக்கும் பொருளை இவ்வளவு துல்லியமாக நிறுத்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு சுற்றையும் விடாமல் எண்ண முடிந்ததுதான். அப்படி எண்ணுவதற்கு, எதிர்பார்க்கும் அலையின் வடிவங்களை முன்கூட்டியே கணித்து வைத்து, இரைச்சல்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். எத்தனை வடிவங்கள் வேண்டும், எவ்வளவு இடைவெளியில் என்பதற்கு வழி காட்டிய ஆரம்பகாலக் கட்டுரைகளில் ஒன்று, இயற்பியலாளர்கள் சத்தியப்பிரகாஷும் சஞ்சீவ் துரந்தரும் 1991-ல் எழுதியது. இந்த அலையைப் பிடித்த லைகோ ஆய்வகத்துக்கு அமெரிக்காவில் அப்போது அடிக்கல்கூட நாட்டப்படவில்லை.

இனி அந்தச் சத்தம். லைகோவின் இரு கருவிகளில் ஒன்று வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டிலும் மற்றது லூயிசியானாவின் லிவிங்ஸ்டனிலும் இருக்கின்றன. மோதலுக்குச் சுமார் 1.1 விநாடி முன்பு, அதாவது கச்சேரி உச்சத்துக்கு ஏறும் நேரம் பார்த்து, லிவிங்ஸ்டன் கருவி தானாகவே ஒரு சத்தம் எழுப்பியது. கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் அதைக் கண்டதும் கணினி, கெட்டுப்போன தரவு என்று அந்தப் பதிவை ஒதுக்கித் தள்ளிவிட்டது. முதல் தானியங்கி அறிவிப்பு ஹான்ஃபோர்டை மட்டும் நம்பி வந்தது இப்படித்தான். பிறகு மனிதர்கள் லிவிங்ஸ்டன் பதிவைக் கண்ணால் பார்த்தார்கள். நேரம் கிடையாகவும் அதிர்வெண் நெடுக்காகவும் வரைந்த அந்தப் படம் இன்று புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய வளைகோடு ஏறி வருகிறது. வழியில் செங்குத்தாக ஒரு வெளிச்சப் பிழம்பு. கோடு அதற்குள் நுழைந்து, தன் வளைவு கொஞ்சமும் குலையாமல் மறுபுறம் வெளியே வருகிறது. சத்தத்தைக் கணக்கால் கழித்துத் துடைத்த படமும் உண்டு. எனக்குத் துடைக்காத படம்தான் பிடிக்கும்.

இத்தாலியில் பீசாவுக்கு அருகே இருக்கும் விர்கோ ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் வேட்டையில் சேர்ந்திருந்தது. வேலையில் சேர்ந்து பதினேழாம் நாள். அலை முதலில் தொட்டது அதைத்தான். 22 மில்லி விநாடி கழித்துத்தான் லிவிங்ஸ்டன், அதற்கு மூன்று மில்லி விநாடி பின்னால் ஹான்ஃபோர்ட். ஆனால் விர்கோவில் சொல்லும்படியாக ஒன்றும் பதியவில்லை. லிவிங்ஸ்டனில் இரைச்சலைவிட 26 மடங்கு ஓங்கி ஒலித்தது, இங்கே வெறும் இரண்டு மடங்கு. தனித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கருவி பழுதா? இல்லை. செங்கோணத்தில் நீளும் இரு கைகள் கொண்ட இந்தக் கருவிகளுக்குச் சில திசைகளில் காது கேட்காது. இரு கைகளுக்கும் நடுவாகக் கிடைமட்டத்தில் வரும் அலை, இரண்டையும் ஒரே அளவு நீட்டிச் சுருக்குவதால், வேறுபாடு பூச்சியமாகிவிடும். விர்கோவுக்குக் கேட்டிருக்க வேண்டிய ஓர் அலை கேட்கவில்லை என்றால், அது அந்தச் செவிட்டுத் திசைகளில் ஒன்றை ஒட்டித்தான் வந்திருக்க வேண்டும். லைகோ இரண்டும் சேர்ந்து 190 சதுர பாகை என்று காட்டிய வானப் பரப்பு, விர்கோவின் மௌனத்தால் 31-ஆகச் சுருங்கியது. பிற்பாடு 28. வானியலில் இதைவிட அழகான ஒரு ‘இல்லை’ சொல்லப்பட்டிருப்பதாக நான் அறியவில்லை.

சுருங்கிய அந்தப் பரப்பு, நம் பஞ்சாங்கத்தின் சித்திரை நட்சத்திரத்துக்குத் தெற்கே, ஹைட்ரா என்னும் வான் நாகத்தின் வால் பக்கம் விழுந்தது. ஆகஸ்டில் அந்த இடம் சூரியனுக்கு அருகில். சிலியில் அந்தி மறைந்த சிறிது நேரத்திலேயே அதுவும் அடிவானத்தில் இறங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், லாஸ் கம்பானாஸ் மலையிலிருந்த ஸ்வோப் என்னும் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி என்ஜிசி 4993 விண்மீன் திரளின் ஓரத்தில் ஒரு புதுப்புள்ளியைப் பிடித்தது. மோதல் முடிந்து பதினோரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீலமாகத் தெரிந்த புள்ளி சில நாளில் சிவந்து மங்கியது. அதன் நிறமாலையில் ஸ்ட்ரான்ஷியத்தின் தடம் இருப்பதை 2019-ல் கண்டார்கள். நம் வாணவேடிக்கைகளில் சிவப்பு நிறம் கொடுப்பதும் அந்தத் தனிமத்தின் உப்புகள்தான்.

சரி, ஒன்றே முக்கால் விநாடிக்கு வருவோம். துல்லியமாகச் சொன்னால் 1.74. பதின்மூன்று கோடி ஆண்டை விநாடிகளாக எழுதினால் நான்கும் பின்னால் பதினைந்து பூச்சியமும். அவ்வளவு தூரம் ஓடிவந்த இருவரிடையே இரண்டு விநாடிகூட இடைவெளி இல்லை. இந்த இடைவெளியை இரண்டு கூட்டத்தார் இரண்டு விதமாகப் படிப்பதில்தான் ரசனை. இயற்பியலார் சொல்வார்: தாமதம் முழுவதும் ஓட்டத்தில் நேர்ந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது காமாக் கதிர் பத்து விநாடி பிந்திக் கிளம்பியதாகவே இருக்கட்டும், அப்போதும் ஈர்ப்பின் வேகமும் ஒளியின் வேகமும் ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்குக்கு மேல் வேறுபட முடியாது. வானியலாரோ ஓட்டத்தைச் சமமாக்கிவிட்டுத் தாமதம் முழுவதையும் மோதல் நடந்த இடத்துக்கே கொடுத்துவிடுவார். இணைந்த உடல் கருந்துளையாகச் சரிவதற்குள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்ததா? சிதறிய குப்பையைத் துளைத்துக்கொண்டு, மோதலிலிருந்து பாயும் பீற்றுக்கற்றை வெளியேற அவ்வளவு நேரம் பிடித்ததா? அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஒரே எண், ஒருவருக்கு உச்சவரம்பு, இன்னொருவருக்குத் துப்பு.

உச்சவரம்பாகப் படித்ததன் விளைவு கடுமையானது. பிரபஞ்சம் ஏன் விரைந்து விரிகிறது என்பதற்குக் கரும் ஆற்றலை விட்டுவிட்டு, ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியையே திருத்திப் பார்த்த கோட்பாடுகள் நிறைய இருந்தன. அவற்றில் ஒரு பெரும் வகை, ஈர்ப்பலை ஒளியின் வேகத்திலிருந்து விலகி ஓடும் என்றது. ஆண்டுக்கணக்கில் வளர்த்த அந்தக் கணிதம் ஒரே மாலையில் செல்லாக்காசானது. இன்னொன்றும் உண்டு. நம் பால்வீதியின் ஈர்ப்புப் பள்ளத்தில் இறங்கி வரும்போது ஒளி சற்றே தாமதிக்கும் என்பது தெரிந்ததே. ஈர்ப்பலையும் அதே அளவு தாமதித்து, ஒளியோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ஈர்ப்புக்கும் ஈர்ப்பிலிருந்து விலக்கு இல்லை.

இதே அலையைக் கொண்டு தூரத்தையும் அளக்கலாம், அதற்கு வேறு அளவுகோல் எதுவும் தேவையில்லை என்று இயற்பியலாளர் பெர்னார்ட் ஷூட்ஸ் 1986-லேயே எழுதிவிட்டார். அதிர்வெண் ஏறும் வேகத்திலிருந்து அலை புறப்பட்டபோது எவ்வளவு ஓங்கி ஒலித்தது என்று தெரியும். வந்து சேர்ந்த அளவோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். விண்மீன் திரள் விலகும் வேகத்தை அதனால் வகுத்தால் பிரபஞ்சம் விரியும் வீதம். விடை மெகாபார்செக்குக்கு விநாடிக்கு 70 கிலோமீட்டர். ஆதிவெப்பத்தின் எச்சத்தை அளப்பவர்கள் 67 என்றும், விண்மீன்களைக் கொண்டு அளப்பவர்கள் 73 என்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இது நட்டநடுவே போய் உட்கார்ந்தது. ஆனால் அதன் பிழை எல்லை 62 முதல் 82 வரை அகன்றிருந்ததால் இரு தரப்பாருமே அதைத் தம் சாட்சியாக்கிக்கொள்ள முடிந்தது. சுற்றுத்தளம் நமக்கு எந்தச் சாய்வில் தெரிகிறது என்பது தெரியாததுதான் காரணம். நேர்முகமாகத் தொலைவில் இருந்தாலும், சாய்ந்து அருகில் இருந்தாலும் அலை கிட்டத்தட்ட ஒரே அளவாகத்தான் வரும்.

பிறகு ரேடியோத் தொலைநோக்கிகள் மாதக்கணக்கில் பார்த்து, பீற்றுக்கற்றையின் புள்ளி வானில் நகர்வதை அளந்தன. பார்வைக்கு ஒளியைப்போல் நான்கு மடங்கு வேகம். அது கற்றை ஏறக்குறைய நம்மை நோக்கி வருவதால் தோன்றும் மாயம். அந்த மாயமே சாய்வுக் கோணத்தைச் சொல்லிக்கொடுத்தது, இருபது பாகை அளவில். 2019-ல் எண் 70.3 ஆனது, பிழை ஐந்துக்குச் சுருங்கியது. வழக்கைத் தீர்க்க இதே போல இன்னும் பதினைந்து மோதல்கள் வேண்டும் என்று அந்த ஆய்வுக்குழு கணக்கிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 25-ல் இன்னொரு ஜோடி மோதியது. ஹான்ஃபோர்ட் அன்று இயக்கத்தில் இல்லை. தேட வேண்டிய பரப்பு எட்டாயிரம் சதுர பாகைக்கு மேல், முழு வானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஒளி எதுவும் அகப்படவில்லை. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அது இயங்கத் தொடங்கினால், ஒன்று உறங்கினாலும் திசை சொல்ல மற்றவை இருக்கும்.