"என்ற மெஷின்ல ஓடுதுங்களே!"

திருப்பூர் பனியன் கம்பெனிக் கணக்கர் போனில் கேட்டார்: "ஏனுங், ஜெயா அக்கா பாக்கி எங்கீங்க போச்சு?" ஜாப் ஒர்க் பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும் காணோம். அந்தக் கணக்கு மென்பொருளை எழுதும் எங்கள் சரவணம்பட்டி அலுவலகத்திலோ டெஸ்ட் எல்லாம் பச்சை. "என்ற மெஷின்ல ஓடுதுங்களேண்ணா" என்றான் பக்கத்து சீட்டுத் தம்பி.

அவன் சொன்னது பொய்யில்லை. நாங்கள் டெஸ்ட்டுக்கு வைத்திருந்தது எச்2; நினைவகத்திலேயே எழுந்து அங்கேயே மறையும் குட்டி டேட்டாபேஸ். கம்பெனியில் ஓடுவது தமிழ் அகரவரிசைக்கு அமைத்த போஸ்ட்கிரெஸ். அகரவரிசையில் ஜ கிரந்த எழுத்துகளோடு கடைசியில் வரும். யூனிகோடு எண் வரிசையிலோ ச-வுக்கும் ட-வுக்கும் நடுவில் நிற்கும். வரிசைப்படுத்திய இரண்டு பட்டியலை ஒட்டும் எங்கள் ஜாவா புரோகிராம் எண் வரிசையை நம்பியிருந்தது. எச்2-வும் எண் வரிசையிலேயே கொடுத்ததால் டெஸ்ட் பாஸ். நிஜ டேட்டாபேஸ் அகரவரிசையில் கொடுத்ததும் ஜெயா அக்கா இடுக்கில் விழுந்துவிட்டார்.

இதற்குப் பிறகுதான் டெஸ்ட்கண்டெய்னர்ஸுக்கு மாறினோம். 2015-இல் ரிச்சர்ட் நார்த் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் நூலகம் இது. இதை வளர்க்கத் தோன்றிய அட்டாமிக்ஜார் நிறுவனத்தை 2023 டிசம்பரில் டாக்கர் வாங்கிக்கொண்டது. வேலை எளிது: டெஸ்ட் தொடங்கும்போது, மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் நிஜமான போஸ்ட்கிரெஸை எழுப்பும், முடிந்ததும் அழித்துவிடும். டேட்டாபேஸ் முகவரியில் 'ஜேடிபிசி'க்கு அடுத்து 'டிசி' என்ற இரண்டெழுத்தைச் செருகினாலே போதும். போர்ட் எண்ணையும் ஒவ்வொரு முறையும் காலியாக இருப்பதாகப் பார்த்து எடுக்கும். இரண்டு டெஸ்ட் ஒரே நேரத்தில் ஓடினாலும் மோதாது. டெஸ்ட் பாதியில் செத்தால் மிச்சத்தைக் கூட்டிப் பெருக்க ரியூக் என்று தனியாக ஒரு கண்டெய்னர் காவல் இருக்கும். எனக்குப் பிடித்த அம்சம் அதுதான்.

ஆனால் முதல் நாள் ஏமாந்தோம். அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜின் இயல்பு மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலம். தமிழ் வேண்டுமென்றால் தொடக்க அமைப்பிலேயே ஐசியு என்ற மொழி நூலகம் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். 15-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. அதையும் செய்தபின், டெஸ்ட் டேட்டாவில் இருந்த பெயர்களைப் பார்த்தால் 'டெஸ்ட்1', 'டெஸ்ட்2' என்று ஆங்கிலத்தில் கிடக்கின்றன! அவற்றை எந்த டேட்டாபேஸில் ஓட்டினாலும் ஜெயா அக்கா அகப்பட்டிருக்க மாட்டார். அன்னூர் தோட்டத்துக் குறைந்த வோல்டேஜில் மோட்டார் எடுக்குமா என்று பார்க்க, பட்டறையில் 415 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டின கதை.

எல்லாவற்றையும் நிஜமாகவே வைக்கவும் முடியாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதைப் பதிவு செய்யும் அரசின் போர்ட்டலைக் கண்டெய்னரில் எழுப்ப வழியில்லை. தினசரி டெஸ்ட்டுக்கு ஒயர்மாக் என்ற போலி சர்வர் 64 எழுத்து ஐஆர்என் (இன்வாய்ஸ் பதிவு எண்) ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். வேண்டுமென்றே பதிலைத் தாமதிக்கவும், பிழை அனுப்பவும் அதனிடம் சொல்லலாம். நிஜ போர்ட்டலிடம் அப்படிக் கேட்க முடியுமா? ரிலீஸுக்கு முந்தின நாள் மட்டும் அரசு தரும் சாண்ட்பாக்ஸில் ஒரு முறை முழுதாக ஓட்டுவோம். இரண்டும் வேண்டும். போலி சர்வர் நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் ஒப்பிக்கும்.

நாங்கள் ஒரேயடியாகக் கைவிட்டது, எல்லோரும் பகிர்ந்துகொண்ட ஸ்டேஜிங் சர்வரை. ஒருவர் போட்ட பில்லை இன்னொருவர் டெஸ்ட் அழித்துவிடும்; பிறகு அரைநாள் பஞ்சாயத்து.

குறைகள் உண்டு. டாக்கர் போன்ற ஒன்று இல்லாமல் எதுவும் நகராது. டாக்கர் டெஸ்க்டாப் 250 பேருக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனங்களுக்குத்தான் இலவசம். எங்களுக்கு அந்தக் கவலை வர இன்னும் நாளாகும். முதல் தடவை இமேஜ் இறங்குவதற்குள் டீக்கடைக்குப் போய் வரலாம். 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் எடிட்டர், பிரவுசர், கண்டெய்னர் மூன்றும் சேர்ந்தால் ஃபேன் அலறுகிறது. தம்பி எழுந்து வந்து, "அண்ணா, 16 ஜிபி போட்டுக் குடுத்துருங்க" என்கிறான். மொதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.